சின்ன விமானத்துக்கு எரிபொருள் ஊற்றும்போது நிலைமின்சாரத் தீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஸ்னா 152, 172 மாதிரி சின்ன விமானங்களுக்குப் பல வருடம் எரிபொருள் ஊற்றியிருக்கிறேன், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஊற்றவும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பேட்ச் வரும்போதும் கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. "ஊத்துறதுக்கு முன்னாடி விமானத்துல மாட்டுற அந்த ஒயர் எதுக்கு சார்?" என்பதில் ஆரம்பித்து "நேத்து போடாமலே ஊத்தினோமே, ஒண்ணும் ஆகலியே" என்பதில் வந்து நிற்கும். அவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் இறக்கைக்குப் பக்கத்தில் நாசிலோடு ஏணியில் நிற்கப் போகிறவர் நீங்கள் என்றால் பொறுமையாகப் படியுங்கள்.

பெட்ரோல் ஓடினால் மின்சாரம் எப்படி வரும்?

நைலான் சட்டையைத் தலை வழியாகக் கழற்றும்போது படபடவென்று சத்தம் வருமே, அதே சங்கதிதான். இரண்டு பொருள்கள் உரசிப் பிரிந்தால் ஒன்றில் கொஞ்சம் மின்னூட்டம் கூடும், மற்றதில் குறையும். எரிபொருள் ஓஸ் வழியாக ஓடும்போது ஓஸின் உள்சுவரோடு ஓயாமல் உரசுகிறது. எல்லாவற்றையும்விட ஃபில்டர்தான் பெரிய காரணம். அந்த நுண்ணிய வலையின் ஒவ்வொரு துளையையும் உரசிக்கொண்டு எரிபொருள் வெளியே வருவதால், வெறும் குழாயில் ஓடினால் வருவதைவிட அங்கே பன்மடங்கு மின்னூட்டம் சேர்ந்துவிடும். தண்ணீர், தூசி வராமல் காப்பாற்றுவதும் அதே ஃபில்டர்தான், அதனால் அதை எடுத்துவிடவும் முடியாது.

தண்ணீராக இருந்தால் சேர்ந்த மின்னூட்டம் அதே கணம் சுவர் வழியாக ஓடிப்போயிருக்கும். பெட்ரோலியப் பொருள்களோ மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கடத்தும் திறன் மீட்டருக்கு 1 பிகோசீமன்ஸ் அளவில் உள்ள எரிபொருளில், சேர்ந்த மின்னூட்டம் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே என்ற அளவுக்கு இறங்கவே சுமார் 18 விநாடி ஆகும். ஏறக்குறைய முழுசாக வடிய ஒன்றரை நிமிடம். நீங்கள் ஊற்றும் எரிபொருள் அதற்குள் ஓஸைத் தாண்டி டேங்குக்குள் விழுந்துவிடுகிறது, கூடவே அந்த மின்னூட்டமும். விமானத்தின் உடம்பு ஒரு மின்னழுத்தத்திலும் எரிபொருள் வண்டியும் (பௌசர் என்போம்) நாசிலும் வேறொன்றிலும் நின்றால், இரண்டும் நெருங்கும் இடத்தில் பொறி பறக்கும்.

அவ்வளவு சின்னப் பொறி நிஜமாகவே தீ வைக்குமா?

வைக்கும். பெட்ரோல் ஆவியும் காற்றும் தோதான விகிதத்தில் கலந்திருந்தால் அதைப் பற்றவைக்கச் சுமார் 0.2 மில்லிஜூல் போதும். அது எவ்வளவு என்று கேட்டால் நான் சொல்லும் கணக்கு இது: ஒரே ஒரு அரிசி மணியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுங்கள், அது தரையில் விழும்போது வெளிப்படுகிற சக்தி கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இப்போது உங்கள் உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மனித உடம்பு சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கி மாதிரி. விரல் நுனியில் "சுரீர்" என்று லேசாக ஒரு குத்தல் தெரிய வேண்டுமென்றால் 3,000 வோல்ட் பக்கம் வேண்டும். அந்த 3,000 வோல்ட்டில் உடம்பில் இருக்கும் சக்தி 0.45 மில்லிஜூல், அதாவது பற்றவைக்கத் தேவையானதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நீங்கள் உணரவே உணராத பொறிகூடத் தீ வைக்கப் போதுமானது என்று இதற்கு அர்த்தம். "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கலையே" என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றாலே மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தீ டேங்குக்குள்ளே பிடிக்குமா, வெளியிலா?

நல்ல கேள்வி, நிறைய பேர் கேட்பதில்லை. சின்ன விமானங்களில் பெரும்பாலும் ஊற்றுவது அவ்கேஸ் 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோல், நீல நிறத்தில் இருக்கும். நம் ஊர் வெயிலில் மூடிய டேங்குக்குள் அதன் ஆவி மண்டி, எரிவதற்குத் தேவையான காற்றே இல்லாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். ஆவி சுமார் 1 சதவீதத்துக்கு மேல் 7 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எரியும், டேங்குக்குள்ளே அதைத் தாண்டியிருக்கும்.

ஆபத்து இருப்பது டேங்கின் வாயில். மூடியைத் திறந்ததும் ஆவி மேலே வந்து வெளிக்காற்றோடு கலக்கிறது. அந்த வாயைச் சுற்றிச் சில அங்குலத்துக்குள் எங்கேயோ ஒரு இடத்தில் விகிதம் மிகச் சரியாக அமைந்துவிடும். நாசிலின் மூக்கு போய் நிற்பதும் அதே இடத்தில்தான். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், அதனால் மேலே போகாமல் இறக்கை மேல் வழிந்து கீழே இறங்கும். பைப்பர் மாதிரி இறக்கை தாழ்வாக உள்ள விமானத்தில் உங்கள் முழங்கால் பக்கம் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை மட்டும் வரும்.

பாண்டிங், எர்த்திங் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இதைக் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தண்ணீர்க் குடத்துக்கு நடுவில் ஒரு குழாய் வைத்தால் மட்டம் சமமாகிவிடும் அல்லவா? பாண்டிங் அதுதான். பௌசரையும் விமானத்தையும் ஒரு ஒயரால் இணைத்தால் இரண்டின் மின்னழுத்தமும் ஒன்றாகிவிடும், வித்தியாசம் இல்லாத இடத்தில் பொறி வராது. எர்த்திங் என்பது அந்தக் குடத்தை ஏரியோடு இணைப்பது மாதிரி, இங்கே ஏரி என்பது பூமி. உங்களுக்குத் தேவை இரண்டு குடமும் சமமாக இருப்பது. விமானத்தை மட்டும் எர்த் செய்துவிட்டுப் பௌசரை அதோடு இணைக்காமல் விட்டால் நடுவில் வித்தியாசம் அப்படியே நிற்கலாம்.

அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 407 என்ற விமான எரிபொருள் விதிமுறை கட்டாயமாகக் கேட்பது பாண்டிங்கைத்தான், எர்த்திங்கை அல்ல. ஆனாலும் உங்கள் விமான நிலையத்திலோ பள்ளியிலோ எர்த்தும் போடச் சொல்லி விதி இருந்தால் போடுங்கள், அதை வாக்குவாதமாக்க வேண்டாம். அப்படியானால் எர்த் முதலில், பிறகு பௌசருக்கும் விமானத்துக்கும் நடுவே பாண்டிங், கடைசியில் நாசில். எர்த் போட்டாயிற்று என்று பாண்டிங்கை விட்டுவிடுவதுதான் தப்பு.

சரி, எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

விமானம் நின்று, இன்ஜின் அணைந்து, மேக்னெட்டோ (இன்ஜினுக்குப் பொறி கொடுப்பது), மாஸ்டர் சுவிட்ச் இரண்டும் ஆஃபில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். உள்ளே ஆள் இருக்கக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேங்கருக்குள் ஊற்றவே கூடாது, மழைக்கு ஒதுங்கியிருந்தாலும் கூடாது. தீயணைப்பு சிலிண்டர் எட்டும் தூரத்தில், காற்று வரும் பக்கமாக இருக்கட்டும்.

அப்புறம் பௌசரின் பாண்டிங் ஒயரை ரீலிலிருந்து இழுத்து வந்து விமானத்தில் மாட்டுங்கள். டேங்க் மூடி இன்னும் மூடியே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஏணியில் ஏறுவதற்கு முன்னால் பெயின்ட் இல்லாத உலோகத்தை வெறும் கையால் ஒருமுறை தொட்டுவிடுங்கள், உங்கள் உடம்பில் இருப்பது அங்கேயே போகட்டும். மேலே போனதும் நாசிலிலிருந்து தொங்கும் குட்டி ஒயரை டேங்க் வாய்க்குப் பக்கத்தில் அதற்கென்று உள்ள சாக்கெட்டில் செருகுங்கள், அல்லது கிளிப்பை உலோகத்தில் கடிக்க வையுங்கள். செருகவோ கிளிப் போடவோ இடமே இல்லாத விமானம் என்றால், மூடியைத் திறப்பதற்கு முன் நாசிலின் உலோக மூக்கால் அந்த மூடியைத் தொடுங்கள். பொறி வரவேண்டியிருந்தால் ஆவி இல்லாத அந்த நேரத்தில் வந்து போகட்டும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். ஊற்றும் நேரம் முழுக்க நாசில் மூக்கு டேங்க் வாயின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், அந்தரத்தில் பிடித்து ஊற்றாதீர்கள். கை வலிக்கிறது என்று நாசில் கொக்கியில் குச்சியோ டேங்க் மூடியோ செருகி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதும் கூடாது, கையை எடுத்தால் எரிபொருள் நின்றாக வேண்டும்.

முடிந்ததும் அப்படியே தலைகீழாக. நாசிலை வெளியே எடுங்கள், மூடியைப் போட்டு இறுக்குங்கள், அப்புறம் நாசில் ஒயர், கீழே இறங்கி ஓஸைச் சுருட்டிவிட்டுக் கடைசியில் பௌசர் ஒயர். பௌசர் ஒயர் முதலில் வரும், கடைசியில் போகும்.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்த பௌசர் அண்ணன் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கிளிப்பை மாட்டியதும் ஒரு இழு இழுத்துப் பார்ப்பார், "போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வார், ஏணியில் இருப்பவன் "போட்டாச்சு" என்று திருப்பிச் சொன்னால்தான் மூடியில் கை வைக்க விடுவார். ஒருநாள் அவசரத்தில் நான் மூடியைக் கால்வாசி திருகிவிட்டேன். "தம்பி, கையை எடு. மூடியைத் திருப்பி இறுக்கிட்டு கீழ இறங்கு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அந்த வார்த்தை கேட்காமல் மூடியைத் தொட வருவதில்லை.

கிளிப்பை எங்கே மாட்டுவது?

பெயின்ட் இல்லாத, துரு இல்லாத உலோகத்தில். பெயின்ட் மேல் கடித்திருக்கும் கிளிப் மாட்டாத கிளிப்புக்குச் சமம். செஸ்னாவில் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பைப்பில் மாட்டுவார்கள், விமானத்தைத் தரையோடு கட்டிவைக்க அதில் இருக்கும் வளையமும் பெயின்ட் இல்லாமல் இருந்தால் உதவும். இப்போதுதான் இறங்கிய விமானம் என்றால் எக்ஸாஸ்ட் கையைச் சுட்டுவிடும், பார்த்து. வேகம் அளக்கும் பிட்டோ குழாயிலோ ஆன்டெனாவிலோ புரொப்பல்லரிலோ மாட்டாதீர்கள். விமானத்தின் கையேட்டில் இடம் காட்டியிருந்தால் அதுதான் இடம்.

ஓஸே மின்சாரம் கடத்தும் ரகம்தானே, நாசிலுக்குத் தனி ஒயர் எதற்கு?

விமான எரிபொருள் ஓஸ்கள் ஓரளவு மின்சாரம் கடத்தும்படி செய்யப்பட்டவைதான். ஆனால் அதை நம்பி ஒயரை விடக்கூடாது. ஓஸ் பழசாகிறது, மடிகிறது, இணைப்பில் தேய்மானம் வருகிறது. உள்ளே எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மூடியைத் திறந்ததும் ஆவிக்கு நடுவே போய் நிற்கும் உலோகம் நாசில்தான், அதனால் அதற்கும் டேங்க் வாய்க்கும் நேர் இணைப்பு வேண்டும். பௌசர் ஒயரும் வேண்டும், நாசில் ஒயரும் வேண்டும், ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது கிடையாது.

டயர் வழியாக மின்னூட்டம் தரைக்குப் போய்விடாதா?

கொஞ்சம் போகும், ரப்பரில் கரித்தூள் கலந்திருப்பதால். ஆனால் நல்ல வெயிலில் காய்ந்த தளத்தில் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இறக்கை நுனியில் துருத்திக்கொண்டிருக்கும் குச்சிகள் இருக்கின்றனவே, அவை பறக்கும்போது ரேடியோவில் இரைச்சல் வராமல் மின்னூட்டத்தைக் காற்றில் விடுவதற்கு. தரையில் நிற்கும்போது அவற்றால் பயன் இல்லை.

எங்கள் ஊர் கடற்கரைப் பக்கம், காற்றில் எப்போதும் ஈரம். எங்களுக்குமா?

ஈரம் உதவும் என்பது உண்மை. காற்று நன்றாகக் காய்ந்திருக்கும்போது தரைவிரிப்பில் நடப்பவர் உடம்பில் 35,000 வோல்ட் வரைகூட ஏறலாம், நல்ல ஈரக்காற்றில் அதே நடைக்கு 1,500 அளவில் நின்றுவிடும். உடம்பிலும் உடையிலும் ஏறுவது இப்படிக் குறையும். ஆனால் ஓஸுக்குள், ஃபில்டருக்குள் ஓடும் எரிபொருளுக்கு வெளிக்காற்றின் ஈரம் தெரியாதே, அங்கே உற்பத்தியாவது உற்பத்தியாகிக்கொண்டேதான் இருக்கும். கடற்கரை உப்புக்காற்று கிளிப்பின் பல்லையும் ஒயரின் முனையையும் சீக்கிரம் அரித்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், உங்களுக்குக் கவலை குறைந்தபாடில்லை.

நாக்பூர், கோந்தியா மாதிரி நடு இந்தியாவில் ஏப்ரல், மே மதியங்களில் உதடு வெடிக்கும் அளவுக்குக் காற்று காய்ந்திருக்கும். அங்கே பயிற்சிக்குப் போகிற நம் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மீனம்பாக்கம் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

எங்களுடையது டைமண்ட் விமானம், மண்ணெண்ணெய் ரகமான ஜெட் ஏ-1தான் ஊற்றுகிறோம். அது பத்திரம்தானே?

பெட்ரோலைவிடப் பத்திரம், ஆனால் முழுப் பத்திரம் இல்லை. அவ்கேஸ் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். ஜெட் ஏ-1க்கு அந்த அளவு குறைந்தபட்சம் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. சென்னையிலும் நாக்பூரிலும் மே மாதம் வெயிலில் நின்ற விமானத்தின் இறக்கை 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அவ்கேஸில் டேங்குக்குள் ஆவி அளவுக்கு மீறி இருப்பதால் உள்ளே எரியாது என்று சொன்னேனே, ஜெட் ஏ-1 சூடேறினால் டேங்குக்குள்ளேயே எரியும் விகிதம் வந்துவிடும். தவிர, நுரைத்துத் தெறித்து விழும் துளிகள் 38 டிகிரிக்குக் கீழேயும் பற்றக்கூடும்.

ஜெட் ஏ-1ல் நிலைமின்சாரத்தை வடியவைக்கும் ஒரு மருந்தை மிகச் சிறிய அளவில் கலப்பார்கள், கடத்தும் திறன் 50 முதல் 600 பிகோசீமன்ஸுக்குள் இருக்கும்படி. அதனால் முன்னே சொன்ன 18 விநாடி, அரை விநாடிக்கும் கீழே இறங்கிவிடும். பெரிய உதவி. ஆனால் அது எரிபொருளுக்குள் இருக்கும் மின்னூட்டத்துக்கு மருந்து, வண்டிக்கும் விமானத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்துக்கு இல்லை. ஒயர் போட்டாக வேண்டும்.

டிரம்மிலிருந்தும் கேனிலிருந்தும் ஊற்றுகிறோம். என்ன செய்ய?

இதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் இடம். பௌசரில் எல்லாம் பொருத்தி வந்திருக்கும், டிரம்மில் எல்லாவற்றையும் நீங்களேதான் இணைக்க வேண்டும். இந்தியாவில் அவ்கேஸ் வெகுகாலம் இறக்குமதிச் சரக்கு, இந்தியன் ஆயில் தன் வதோதரா ஆலையில் தயாரித்து வெளியிட்டதே 2022 செப்டம்பரில்தான். பேரலில் வாங்கி வைத்துக் கைப்பம்பில் ஊற்றும் பழக்கம் பல பயிற்சிப் பள்ளிகளில் உண்டு.

டிரம், பம்பு, நாசில், விமானம் இந்த நாலும் ஒரே சங்கிலியாக இணைந்திருக்க வேண்டும். டிரம் மரப்பலகை மேலோ லாரியின் ரப்பர் விரிப்பு மேலோ நின்றால் அது அந்தரத்தில் தொங்குவது மாதிரி, மின்னூட்டம் போக வழியில்லை. டிரம்மின் விளிம்பில் பெயின்டைச் சுரண்டி அங்கே ஒரு கிளிப், மறுமுனை விமானத்தில்.

புனல் தேவைப்பட்டால் உலோகப் புனல் மட்டும்தான். அது டேங்க் வாயையும் நாசிலையும் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். பிளாஸ்டிக் புனலை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். முன்பெல்லாம் தண்ணீரை வடிகட்ட மான்தோல் மாதிரி மெல்லிய தோலைப் புனலில் போட்டு ஊற்றுவார்கள். தண்ணீர் நிற்கும், சரி, ஆனால் அந்தத் தோலின் வழியே இறங்கும் பெட்ரோலில் மின்னூட்டம் ஏகமாகச் சேரும், பிளாஸ்டிக் புனலில் அந்தத் தோலும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக்கில் சேர்ந்ததை ஒயர் கட்டி வடிக்க முடியாது, ஏனென்றால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் நகராது. கிளிப்பை நீங்கள் கடிக்க வைத்த இடத்தில் மட்டும் போகும், பக்கத்தில் அப்படியே நிற்கும்.

பங்கில் கேனில் பெட்ரோல் பிடிப்பதாக இருந்தால் கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துப் பிடியுங்கள், நாசில் கேனின் வாயைத் தொட்டபடி. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பிக்கப் வண்டிக்குள் வைத்தே கேனை நிரப்பி அமெரிக்காவில் பல தீவிபத்துகள் நடந்திருக்கின்றன. உலோகக் கேன் கிடைத்தால் உலோகக் கேன்தான் வாங்குங்கள்.

மைக்ரோலைட், ஃபைபர் விமானங்களுக்கு எப்படி?

என்.சி.சி. வைத்திருக்கும் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 மாதிரி விமானங்களின் உடம்பு அலுமினியம் இல்லை, கலப்புப் பொருள். அதில் எங்கேயாவது ஒரு போல்ட்டில் கிளிப் மாட்டினால் அந்த போல்ட்டுக்கும் டேங்க் வாய்க்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். கையேட்டில் சொன்ன இடத்தை மட்டும் நம்புங்கள். டேங்க் வாயில் உலோக வளையம் இருந்தால் நாசிலை அதோடு தொடவைத்தே ஊற்றுங்கள், மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன்னால் இறக்கையையோ கண்ணாடியையோ உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், சுத்தம் செய்கிறோம் என்று மின்னூட்டத்தை ஏற்றிவிடுவீர்கள். துடைத்தே ஆகவேண்டும் என்றால் ஈரத்துணி.

என்ன உடுத்தலாம்?

பருத்தி. நைலான் ஜாக்கெட், பாலியஸ்டர் ஸ்வெட்டர் வேண்டாம். போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்றால் அதைவிட முக்கியம், டேங்க் திறந்திருக்கும்போது பக்கத்தில் நின்று அதைக் கழற்றாதீர்கள். கழற்றும் அந்த நொடியில்தான் மின்னூட்டம் உச்சத்துக்குப் போகும். கனமான ரப்பர் செருப்பில் நிற்பவர் தரையிலிருந்து துண்டிக்கப்பட்டவர், தோல் ஷூவோ ஆன்டிஸ்டாட்டிக் ஷூவோ நல்லது.

ஊற்றிக்கொண்டிருக்கும்போது நடுவில் காரிலோ காக்பிட்டிலோ போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வராதீர்கள். அமெரிக்காவில் பெட்ரோல் பங்குத் தீவிபத்துகளைத் திரட்டிப் பார்த்தபோது, நாசிலைச் செருகிவிட்டுக் காருக்குள் ஏறி இறங்கி வந்து திரும்ப நாசிலைத் தொட்டவர்கள்தான் அதில் நிறைய. சீட்டில் உரசி எழுந்த உடம்போடு நேராக நாசிலுக்குப் போனதால் வந்தது. இறங்கியவுடன் கதவின் உலோகத்தைத் தொட்டிருந்தால் போதும்.

செல்போன்?

பௌசரிலேயோ வண்டியிலேயோ வைத்துவிட்டு வாருங்கள். போனின் அலையால் தீப்பிடித்தது என்று சொல்லப்பட்ட பல சம்பவங்கள் விசாரித்தபோது நிலைமின்சாரமாகத்தான் இருந்தன. இருந்தாலும் அது ஆவி சூழ்ந்த இடத்துக்கென்று செய்யப்பட்ட கருவி இல்லை, 3 மீட்டருக்குள் வேண்டாம் என்பதுதான் விதி. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, போன் பார்ப்பவர் டேங்கைப் பார்ப்பதில்லை.

வேகமாக ஊற்றினால் தப்பா? ஊற்றியதும் குச்சி விட்டு அளக்கலாமா?

வேகம் கூடக்கூட மின்னூட்டம் கூடும், தெறித்து விழுந்தால் இன்னும் கூடும். காலியான டேங்கில் ஆரம்பத்தில் மெதுவாக விடுங்கள், நாசில் மூக்கை அடிப்பக்கம் சாய்த்து, சுவரோடு வழிகிற மாதிரி. அளப்பதற்குச் சில நிமிடம் பொறுங்கள். முன்னே சொன்ன ஒன்றரை நிமிடக் கணக்கு நினைவிருக்கும். மேற்பரப்பில் நிற்கும் மின்னூட்டத்துக்கு நேரே உலோகக் குச்சியை இறக்கினால் அதுவே பொறிக்கு வழி. டேங்கை வடித்து எடுக்கும்போதும் இதேதான், பிளாஸ்டிக் வாளி வேண்டாம், உலோக வாளியை விமானத்தோடு இணைத்துவிட்டு வடியுங்கள். சிந்தியதை வீட்டு வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சலாமா என்று ஒருவர் கேட்டார். ஐயா, அதற்குள் ஓடுவது மோட்டார், அது பொறி விடும். கூடவே கூடாது.

மின்னல் வெட்டினால்?

நிறுத்துங்கள். மூடியைப் போட்டுவிட்டு விலகுங்கள். பாண்டிங் ஒயர் மின்னலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தீ பிடித்துவிட்டால்?

நாசில் கொக்கியிலிருந்து கையை விடுங்கள், எரிபொருள் நிற்கட்டும். நாசிலை வெளியே பிடுங்காதீர்கள். கை அனிச்சையாகச் செய்யப் பார்ப்பது அதைத்தான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். டேங்க் வாயில் எரிகிற நெருப்பு சின்னதாக நிற்கும், நாசிலை உருவினால் எரியும் பெட்ரோலை உங்கள் மேலும் இறக்கை மேலும் நீங்களே கொட்டிக்கொள்வீர்கள். இறங்கி விலகுங்கள், கூட இருப்பவர் பௌசரின் அவசர வால்வை மூடட்டும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று டி.சி.பி. (உலர்ந்த ரசாயனத் தூள்) சிலிண்டரை நெருப்பின் அடியைப் பார்த்து அடியுங்கள். முதல் சிலிண்டரில் அடங்கவில்லை என்றால் விமானத்தை விட்டுவிடுங்கள், ஆள் முக்கியம்.

எங்கள் ஒயர் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். ஒரு முனை கிளிப்பின் பல்லில், மறுமுனை பௌசரின் சேசிஸில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஒன்றிரண்டு ஓம் காட்ட வேண்டும். அளந்துகொண்டிருக்கும்போதே ஒயரை நீளவாக்கில் அசைத்து அசைத்துப் பாருங்கள், எண் துள்ளினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. நிலைமின்சாரம் வடிய உண்மையில் இதைவிட எத்தனையோ மடங்கு அதிக ஓம் இருந்தாலும் போதும், ஆனால் 10 ஓமைத் தாண்டினால் எங்கேயோ துரு அல்லது அறுவு என்று அர்த்தம், நாளைக்கு அது முழுசாக விட்டுப்போகும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் இருந்தது. பார்க்கப் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். ஒருநாள் சும்மா அளந்தேன், மீட்டர் அசையவே இல்லை. உறையைக் கிளிப்புக்கு ஒரு சாண் மேலே கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பிடித்துத் தூளாகிக் கிடந்தது. எத்தனை நாளாக வெறும் பிளாஸ்டிக் கயிற்றை மாட்டி ஊற்றியிருக்கிறோம் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. உறை இல்லாத ஒயர், அல்லது உள்ளே தெரியும்படி கண்ணாடி மாதிரித் தெளிவான உறை போட்ட ஒயர் வாங்குங்கள். வாரத்துக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள்.

ஒயர் போட மறந்து மூடியைத் திறந்துவிட்டேன். இப்போது போடலாமா?

உடனே போடாதீர்கள். கிளிப் உலோகத்தைத் தொடும் கணத்தில்தான் பொறி வரும், இப்போது அங்கே ஆவியும் இருக்கிறது. மூடியை முதலில் போடுங்கள். கீழே இறங்கி, ஆவி கலைய ஓரிரு நிமிடம் விட்டு, பௌசர் ஒயரை டேங்க் வாய்க்குத் தூரமான எக்ஸாஸ்ட் பக்கம் மாட்டுங்கள். பிறகு நாசில் ஒயர், அதற்கப்புறம்தான் மூடியைத் திரும்பத் திறக்க வேண்டும்.

ஊற்ற ஆரம்பித்த பிறகு ஞாபகம் வந்தால் எரிபொருளை நிறுத்துங்கள், நாசில் மூக்கு டேங்க் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும், சட்டென்று தூக்கிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் அப்படியே நில்லுங்கள். அப்புறம் நாசிலை எடுத்து, மூடியைப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். மாணவர் ஏற்கெனவே சீட் பெல்ட்டோடு காத்திருந்தார் என்றால் அவரை இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.